யூதாசுக்கு ஒரு முகம்

சிலுவைமுத்து காலையிலிருந்து கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்திருந்தான். கோணல் மூக்கைத் தடவிப் பார்ப்பான், தூரிகையை எடுப்பான், மறுபடியும் கண்ணாடியைப் பார்ப்பான்.

"இன்னாய்யா, இந்த வயசுல பொண்ணு பாக்கப் போறியா? கண்ணாடி தேஞ்சிடப் போவுது!" என்று சிரித்தாள் அவன் மனைவி ரோசி. அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

ராயபுரத்தில் அவர்கள் கோயிலில் பெரிய வியாழனன்று தொங்கவிட, இயேசுவின் கடைசி இராப்போசனப் படுதாவை அவன்தான் வரைந்துகொண்டிருந்தான். சீடர்களான அப்போஸ்தலர்களுக்குக் கோயில் பங்கு மக்களின் முகத்தையே வைப்பது அங்கே வழக்கம். இராயப்பருக்கும் அருளப்பருக்கும் ஒரே போட்டாபோட்டி. காட்டிக்கொடுத்த யூதாசு என்றதும் ஆளாளுக்கு அவசர வேலை வந்துவிட்டது.

"என் மூஞ்சியவே வெச்சிடறேன்" என்றான் சிலுவைமுத்து. என்ன பெரிய மனசு என்று எல்லாரும் மெச்சினார்கள். அதைக் கேட்டு அவன் கூசிப்போனான்.

போன வருஷம் ஹார்பரில் ஸ்டிரைக்கு. கப்பலுக்கு வர்ணம் அடிக்கிறவர்களைக் கிளப்பிவிட்டது யாரென்று மேஸ்திரி அவனைத் தனியாகக் கூப்பிட்டு மிரட்டினான். "ஒரு பேரு சொல்லு, உன்னை வுட்டுர்றேன்."

சிலுவைமுத்து தன் உயிர்ச் சிநேகிதன் சவரிநாதன் பேரைச் சொல்லிவிட்டான். மறுநாளே சவரிநாதனுக்கு வேலை போயிற்று. கூடவே சிலுவைமுத்துவுக்கும் போயிற்று. ஆண்டவர் தந்த தண்டனை என்று அவன் வாய் திறக்கவில்லை.

சவரிநாதன் இப்போது காசிமேட்டில் மீன்கூடை தூக்குகிறான். இராயப்பராக வந்து உட்காரச் சொன்னதற்கு, "எனக்கு அந்த யோக்கியதை இல்லப்பா" என்று தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். அவனிடம் உண்மையைச் சொல்லப் போன போதெல்லாம் சிலுவைமுத்துவுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

அதனால்தான் இந்த முகம். வாயால் சொல்ல முடியாததைப் படம் சொல்லட்டும். சவரி காறித் துப்பினாலும் சரி, இந்தப் பாரத்தோடு பெரிய வெள்ளிக்குச் சிலுவையை முத்தமிட முடியாது.

வேலை முடிந்ததும் சொல்லி அனுப்பினான். சவரிநாதன் வந்து யூதாசின் எதிரே நின்றான். கோணல் மூக்கு, புருவத் தழும்பு, பணப்பையை இறுக்கிய கை, தரையைப் பார்க்கிற கண்.

"யார்னு தெரிதா, சவரி?" என்று கேட்டான் சிலுவைமுத்து.

"நீதான்."

"ஏன்னு தெரிதா?"

சவரிநாதன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, ஈரம் காயாத அந்த முகத்தை அழுத்தித் துடைக்க ஆரம்பித்தான். சிலுவைமுத்து பதறி அவன் கையைப் பிடித்தான்.

"வுடு சிலுவை, இங்க என் மூஞ்சியப் போடு. மேஸ்திரியாண்ட உன் பேர சொன்னது நான்தான்."