பாதியில் நிற்கும் மாடி

பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் சுவர் இடுப்புயரம் எழும்பி அப்படியே நிற்கிறது. தூண் கம்பிகள் பரட்டைத் தலையாக நீட்டிக்கொண்டிருக்கின்றன.

ஏன் என்று தெரியாமல் இரும்புக் கடைக்காரருக்கு மண்டை குடைந்தது. செங்கல் அடுக்கியிருக்கிறது. சிமெண்ட் மூட்டைகளுக்குத் தார்ப்பாய் போர்த்தியிருக்கிறது. கொத்தனாரை மட்டும் காணோம்.

"கையைக் கடிக்குது, வேறென்ன" என்றார் மனைவியிடம். இந்த நேரம் பார்த்துப் பேசினால் அந்த வீடே அடிமாட்டு விலைக்குப் படிந்துவிடும் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு.

மனைவிக்கு அதையெல்லாம் கேட்க நேரமில்லை. பகலெல்லாம் கரண்ட் போய்ப் போய் வருகிற தெரு. தங்கள் மாடியில் சூரியத் தகடு போட்ட பிறகுதான் அவளுடைய தையல் கூடம் தலை நிமிர்ந்தது. ஆறேழு பெண்களின் மிஷின் வெயிலில்தான் ஓடுகிறது.

கடைக்காரர் தெருமுனை பேக்கரிக்கு நடந்தார். பக்கத்து வீட்டுக்காரரின் பேக்கரிதான். அடுப்பிலிருந்து ரொட்டித் தட்டை இழுத்துக்கொண்டிருந்தவரை நிற்க வைத்தே பிடித்துக்கொண்டார். கட்டினால் கட்டு, இல்லாவிட்டால் இடி, பார்க்கச் சகிக்கவில்லை என்றார். மகளும் மருமகனும் கைக்குழந்தையோடு கீழே ஒற்றை அறையில் முட்டிமோதுவது தெருவுக்கே தெரியும் என்றார். முடியாவிட்டால் வீட்டைத் தன்னிடமே தள்ளிவிடலாம் என்றும் சொல்லிப் பார்த்தார்.

பேக்கரிக்காரர் சிரித்து மழுப்பினார்.

"நேரா சொல்லுப்பா. காசு இல்லையா?"

"இருக்குண்ணே."

"மாப்பிள்ளையோட மனஸ்தாபமா?"

"சேச்சே. தங்கமான பையன்."

"கொத்தனார் கம்பி நீட்டிட்டானா?"

"நான்தான் போகச் சொன்னேன்."

கடைக்காரருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அப்ப என்னதான்யா உன் பிரச்சினை?"

பேக்கரிக்காரர் கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டார்.

"வெயில் தாங்கலன்னு கொத்தனார் சாரத்துல உசரமா சாக்கு கட்டினாருண்ணே. அப்ப தெருவுல கரண்ட் இல்ல. சாக்கு நிழல் உங்க தகட்டு மேல விழுந்ததும் அண்ணியோட மிஷின் சத்தம் அத்தனையும் நின்னுபோச்சு. உடனே அவுக்கச் சொன்னேன், திரும்ப ஓடுச்சு. சாக்கை அவுத்துடலாம். சுவத்தைக் கட்டிட்டா எப்படிண்ணே அவுக்கிறது?"