வஞ்சியும் பொன்னியும் ஒரு பதிவு

ஊரே செய்வதுபோல, பரோட்டாக் கடை செங்கமலமும் தன் இரட்டைப் பெண்கள் வஞ்சி, பொன்னி இருவரின் நினைவுகளையும் மின்காப்பகத்தில் சேர்த்திருந்தாள். அதை நடத்தும் மென்பொருளுக்குச் சுத்தம் அதிகம். ஒரே மாதிரி இரண்டிருந்தால் ஒன்றை அழித்துவிடும். வஞ்சியின் பதிவு போயிற்று. பதிவைப் பார்த்துத் திறக்கும் பள்ளிக்கூடக் கதவு மறுநாள் அவளுக்குத் திறக்கவில்லை.

செங்கமலம் பெண்களோடு காப்பகத்துக்கு ஓடினாள். "எம்பொண்ணு உசுரோட நிக்கிறா, தெரியலையா?"

"எனக்குத் தெரியுதுக்கா," என்றார் காப்பாளர். "சாஃப்ட்வேர் ஊருக்கே சொந்தம். யாரு வேணா திருத்தலாம், நீங்களே திருத்துங்க."

"எனக்குப் பரோட்டா வீசத்தான் தெரியும்."

"அப்ப பொண்ணைத் திருத்துங்க. ஒருத்திகிட்ட இருக்கிறது இன்னொருத்திகிட்ட இருக்கக் கூடாது. மறுபடி பதிஞ்சிடலாம்."

திரும்பும் வழியில் பெண்கள் இருவரும் சேர்ந்து பாடினார்கள். செங்கமலம் நின்றாள்.

"வஞ்சி, இனிமே நீ பாடாதடி."

"சரிம்மா," என்று இருவரும் ஒரே குரலில் சொல்லி, பாட்டை நிறுத்தினார்கள்.