எள்ளுருண்டையைக் காட்டிக் கொடுத்தவர்

“பயணிகள் கவனத்துக்கு. சாப்பிடும் பொருள் எதையும் கரைக்குக் கொண்டுபோகக் கூடாது.”

கப்பல் ஒலிபெருக்கி இதையே மூன்று பாஷையில் முழங்கி முடிப்பதற்குள், மாடத்தி அந்தப் பொட்டலத்தை இடுப்புச் சேலைக்குள் செருகி முந்தானையால் மூடிவிட்டாள்.

“ஏட்டி, என்ன காரியம் செய்யுத?” புருசன் கண்ணுசாமி பதறினார்.

“எள்ளுருண்டை. வள்ளித்தாய்க்கு.”

“அதான் கூடாதுங்கான்லா? வச்சிட்டு வா.”

“அவன் கெடக்கான். நாப்பது வருசம் கழிச்சுக் கூடப்பிறந்தவளப் பாக்கப் போறேன். வெறுங்கையோட போயி நிக்கச் சொல்லுதீயளா? நம்ம பக்கம் எழவு வீட்டுக்குத்தான் கையை வீசிட்டுப் போவாவ!”

புதூர்க் கரிசலில் விளைந்த எள். கருப்பட்டி போட்டு அவளே இடித்தது. சென்னையில் கப்பல் ஏறும்போது பையைச் சோதித்தவன் “இது என்னம்மா?” என்று கேட்க, “மூலத்துக்கு மருந்துய்யா” என்றாள். அதற்குமேல் அவன் பிரித்துப் பார்க்கவில்லை.

தங்கச்சி வள்ளித்தாயைத் திருகோணமலையில் அத்தை மகனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அப்புறம் சண்டை, அது, இது என்று நடுவில் கிடந்த கடல் அகண்டுகொண்டே போய்விட்டது. இப்போது மகன் கிருஷ்ணகுமார் அம்மா அப்பாவுக்குக் கப்பல் சுற்றுலாவுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்திருக்கிறான். கப்பல் திருகோணமலையில் ஒரு பகல் நிற்கும். துறைமுக வாசலுக்கு வெளியே வள்ளித்தாய் காத்திருப்பாள்.

வரிசை நகர நகர மாடத்திக்கு வேர்த்துக் கொட்டியது. கருப்பட்டி இளகி இடுப்பில் பிசுபிசுத்தது.

முன்னால் நின்ற ஓட்டப்பிடாரத்துச் சௌந்தரபாண்டியன் சும்மா இருக்கக் கூடாதா?

“அண்ணாச்சி, போன தடவ ஒரு பொம்பள அவிச்ச முட்டையோட எறங்கியிருக்கு. நாயி மோந்து பிடிச்சிட்டு. கப்பலு போயிட்டு, அந்தம்மா இன்னும் இங்கனதான் ஜெயில்ல கெடக்காம். கேசு முடியுததுக்குள்ள முட்டை பொரிச்சுக் குஞ்சே வந்துட்டாம்!”

அவித்த முட்டை எப்படிப் பொரிக்கும் என்று கேட்கிற நிலையில் மாடத்தி இல்லை. அவள் காதில் விழுந்தது நாயும் ஜெயிலும்தான்.

அந்த நாயும் வந்தது. கன்றுக்குட்டி உயரம். மாடத்தியின் காலை மோந்தது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு கழுகுமலையானுக்கு மொட்டை நேர்ந்தாள். தனக்கில்லை, புருசனுக்கு. நாய் ஒரு தும்மல் போட்டுவிட்டு நகர்ந்தது.

அடுத்து சோதனை மேசை. அதிகாரி அம்மா ஏறிட்டுப் பார்த்தாள்.

“சாப்பாட்டுச் சாமான் ஏதும் வச்சிருக்கிறீங்களோ அம்மா?”

மாடத்தி இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

“சரி, போங்கோ.”

ஒரு கால் வாசலைத் தாண்டியாயிற்று. இன்னொரு கால்தான் பாக்கி.

“அம்மா, ஒரு நிமிசம்.” பின்னாலிருந்து கண்ணுசாமியின் குரல். “இவ இடுப்புல எள்ளுருண்டை வச்சிருக்கா.”

மாடத்தி திரும்பிப் பார்த்தாள். சொன்னது கட்டின புருசன்தானா என்று நம்ப முடியவில்லை.

அதிகாரி அம்மா கையை நீட்டினாள். பொட்டலம் குப்பைத் தொட்டிக்குப் போனது.

“ஐயா உண்மையச் சொன்னதால விடுறன். இனி இப்பிடிச் செய்யாதீங்கோ.”

வெளியே வந்ததும் மாடத்தி பிடித்துக்கொண்டாள்.

“நீரு மனுசனா? எதிராளி வேணாம், நீரு ஒருத்தரே போதும்!”

“சட்டம்னா சட்டந்தான்ட்டி.”

“ஆடு மேய்க்கையில என்னைக்காவது அடுத்தவன் புஞ்சைன்னு பாத்திருக்கீரா? இங்கன வந்து சட்டம் பேசுதீரு! ஐயோ, அவ மூஞ்சியில எப்பிடி முழிப்பேன்?”

கண்ணுசாமி செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

துறைமுக வாசலுக்கு வெளியே ஒரு வேப்பமரம். அதன் அடியில் சாயம் போன சேலையில் ஒருத்தி, இரண்டு கையையும் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு நின்றாள். நரைத்துப் போயிருந்தாள். ஆனாலும் வள்ளித்தாயேதான்.

மாடத்தி அப்படியே நின்றுவிட்டாள். கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

வள்ளித்தாய்தான் ஓடி வந்தாள். வந்தவள் அக்காள் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் அவள் கைகளைத்தான் பார்த்தாள். ஒரு பெருமூச்சு விட்டாள். அப்புறந்தான் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

“ஏட்டி வள்ளி, நான் ஒண்ணுமில்லாம…” என்று மாடத்தி ஆரம்பித்தாள்.

“இருக்கட்டும்க்கா, எனக்குத் தெரியும்!” வள்ளித்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “உனக்கு ஒரு பழம் வாங்கியாரக்கூட எனக்கு வக்கில்ல. வெறுங்கையோட எப்பிடி வந்து நிக்க, நான் வரலைன்னு போன வாரம் இந்தா நிக்காவளே, இந்த அத்தான்கிட்டதான் போன்ல அழுதேன். அவியதான், ‘வாசல்ல ஒரு துரும்பக்கூட விடமாட்டான், உங்க அக்காளும் வெறுங்கையோடதான் வருவா. அதுக்கு நான் பொறுப்பு, நீ தைரியமா வா’ன்னு சொன்னாவ!”