கால் மேல் கண்

பழைய வீடியோவில் மூன்று பாட்டு ஓடியும், டிரம்ஸ் வாசிக்கும் இளவயதுக் கணவரின் கண் பாடகியின் காலை விட்டு ஏன் நகரவில்லை என்று அவளுக்குப் புரியவில்லை. யாரும் கண்டுகொள்ளாமல் போன ஒரு ராக் குழுவில், கல்யாணத்துக்கு முன்பு, அவர் டிரம்ஸ் வாசித்தவர். அன்று ஒலிப்பதிவுக் கூடத்தில் எடுத்த இந்த அபூர்வ வீடியோவை மகள்தான் தேடிப் பிடித்து அனுப்பியிருந்தாள்.

“அப்படி என்னங்க இருக்கு அவ கால்ல?”

“ஒண்ணுமில்லம்மா.”

“ஒண்ணுமில்லாததையா வாயைப் பிளந்து பார்த்தீங்க? இவளாலதான் குழுவை விட்டீங்களா? உண்மையைச் சொல்லுங்க, இல்லேன்னா அக்கா வீட்டுக்குக் கிளம்பிடுவேன்.”

அவர் காது மெஷினைத் தொட்டுக்கொண்டார்.

“வயசாகிக் காது போச்சுன்னுதானே நினைச்ச? அப்பவே போக ஆரம்பிச்சிடுச்சு. யார்கிட்டயும் சொல்லல. மத்தவங்க வாசிக்கிறது எனக்குக் கேக்காது. அவ பாடும்போது கால் தரையில தட்டும். அதைப் பார்த்துத்தான் தாளம் பிடிச்சேன்.”