இரண்டு விரற்கடைக் கோணல்

"கோணல் வண்டியை என் தலையில கட்டினவன் வீட்டுக்கு என் பொண்ணைக் கொடுக்கணுமா? நடக்காது!"

சந்திரசேகரன் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு கோவிந்தப்பா ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

கிருத்திகாவுக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்பா, நான் எரிக்கைக் கட்டிக்கறேன்னு சொல்றேன். நீங்க நான் பொறக்கறதுக்கு முன்னாடி வாங்கின காரைப் பத்திப் பேசறீங்க!"

"அந்தக் காரை எனக்கு வித்தது யாரு? அவன் அப்பன் ஓஸ்வால்டுதானே?"

ஓஸ்வால்டும் சந்திரசேகரனும் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். ஓஸ்வால்டின் மாமனார் பாண்டிச்சேரிக்காரர். அவர் வழியில் வந்த பழைய பிரெஞ்சு வண்டி அந்த ரெனோ ஃபோர். கியர் காலடியில் இருக்காது, டாஷ்போர்டிலிருந்து குடைக் கைப்பிடி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அதை இழுத்து, திருகி, தள்ளி சந்திரசேகரன் ஓட்டிப் போனால் அல்சூர் தெருவே நின்று வேடிக்கை பார்க்கும்.

"அப்படி அதுல என்னதான் கோணல்?" என்றாள் கிருத்திகா.

"முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு டேப் வெச்சு அளந்தேன். ஒரு பக்கத்துக்கும் இன்னொரு பக்கத்துக்கும் ரெண்டு விரற்கடை வித்தியாசம்! எங்கேயோ மோதி நசுங்கின வண்டி. மறைச்சு வித்துட்டான். நான் இன்ஸ்பெக்‌ஷன் டிபார்ட்மென்ட்ல இருந்தவன், என்கிட்டயேவா?"

"அப்பவே கேட்டிருக்க வேண்டியதுதானே?"

"கூட வேலை பார்க்கறவனாச்சேன்னு வாயை மூடிக்கிட்டேன். கார் போனா போகுது. பொண்ணு அப்படியா?"

அம்மா அம்புஜம் சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். "என்னங்க, அந்த வண்டியை நீங்க தாங்கினது கொஞ்சமா நஞ்சமா? நந்தி ஹில்ஸ்ல பின்கதவைத் தூக்கி வெச்சுட்டு அதுலயே உக்காந்து புளியோதரை சாப்பிட்டோமே! இவளை ஆஸ்பத்திரியிலேர்ந்து கூட்டிட்டு வந்ததும் அதுலதான். 'தொட்டில் மாதிரி போகுது பாரு, புள்ளை முழிச்சுக்கவே இல்லை'ன்னு சொன்னது யாரு?"

சந்திரசேகரனின் முகம் இளகியது. "மழையில ஊரே மிதந்த அன்னிக்கு, எல்லா வண்டியும் நின்னுபோச்சு. அது மட்டும் பூனை மாதிரி..." என்று ஆரம்பித்தவர், சட்டென்று சுதாரித்துக்கொண்டார். "அதனால வித்தவன் யோக்கியன் ஆயிடுவானா?"

"உண்மையைச் சொல்லுங்கப்பா. அவங்க கிறிஸ்டியன். அதுதானே விஷயம்?"

அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"யாரைப் பார்த்து என்ன கேக்கறே? நான் மதம் பார்க்கறவனா? வருஷா வருஷம் அவன் வீட்டுக் கிறிஸ்மஸ் கேக்கைத் தின்னவன்! விவேக் நகர் சர்ச் திருவிழாவுக்கு உன்னைத் தோள்ல தூக்கிட்டுப் போனவன்! எனக்கு நாணயம்தான் பெருசு. வேற எதுவும் இல்லை."

கிருத்திகா அதை நம்பினாள். அப்பா முன்கோபி, பிடிவாதக்காரர், ஆனால் பொய் சொல்லி அவள் பார்த்ததில்லை. சண்டை ஒரு காரைப் பற்றித்தான் என்றால் தீர்த்துவிடலாம் என்று அவளுக்குத் தெம்பு வந்தது.

"அந்த மாடலையே அப்படித்தான் செய்வாங்களாம். ஓஸ்வால்ட் அங்கிள் சத்தியம் பண்றாருன்னு எரிக் சொன்னான்."

"பண்ணுவான்! எந்த மடையனாவது ஒரு பக்கம் நீளமும் ஒரு பக்கம் கட்டையுமா கார் செய்வானா? அதே மாதிரி இன்னொரு வண்டியைக் கொண்டா. அதுலயும் கோணல் இருந்தா, நானே முன்னாடி நின்னு உன் கல்யாணத்தை நடத்தறேன்!"

அப்படி ஒரு வண்டி இந்த ஊரில் இனிமேல் ஏது என்ற தைரியம் அவருக்கு. ஆனால் பெண்ணும் அவர் பெண்ணாயிற்றே. ஆபீஸ் முடிந்ததும் பழைய கார் வைத்திருப்பவர்களைத் தேடி அலைந்தாள். கடைசியில் பிரேசர் டவுனில் ஒரு டாக்டர் வீட்டு ஷெட்டில் அகப்பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் ஹாரன் கேட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்த சந்திரசேகரன் அப்படியே நின்றுவிட்டார். வெள்ளை ரெனோ ஃபோர். எரிக் இறங்கி, "குட்மார்னிங் அங்கிள்" என்றான். அவர் காதில் விழவில்லை. தள்ளிவிட்டுத் திறக்கும் அந்தக் கண்ணாடி ஜன்னல் வழியாகக் கையை உள்ளே விட்டு, கியர் கைப்பிடியைத் தொட்டார். அவருக்குச் சிரிப்பு வந்தது. குழந்தைச் சிரிப்பு.

"என்ன சார், உங்க பழைய காடியா, அதே வண்டியா?" என்று கன்னடம் கலந்து கேட்டபடி கோவிந்தப்பாவும் வந்து சேர்ந்தார். அம்புஜம் வாசற்படியில் நின்று கண்ணை மூடிப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டாள்.

கிருத்திகா அளக்கும் டேப்பை நீட்டினாள். "அளங்கப்பா. ரெண்டு பக்கமும்."

சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அவர் டேப்பை வாங்கவும் இல்லை, குனியவும் இல்லை.

"அப்பா, நீங்க சொன்ன சொல்லு."

"அளங்க அங்கிள்" என்றான் எரிக்கும், பணிவாக.

அவ்வளவுதான். அவர் மகள் கையிலிருந்த டேப்பைத் தட்டிவிட்டார்.

"என்னத்தைடி அளக்கறது? எல்லா வண்டியுமே இடது பக்கம் ரெண்டு விரல் கட்டைதான், வாங்கும்போதே ஓஸ்வால்டு சொல்லித்தான்டி கொடுத்தான்! அதுக்காக சர்ச்சுக்குப் போற வீட்டுல பொண்ணைக் கொடுத்துட்டு, சொந்தக்காரங்க முகத்துல நான் எப்படி முழிக்கறது?"