வெள்ளிவாலின் விலை

"எத்தனை விமானம் வித்தீங்க?"

"ஒண்ணே ஒண்ணுதான் மேடம். போர் விமானம்."

"எங்க யாருக்கும் தெரியாம?"

"ஆமா."

அவன் தலையைத் தூக்கவில்லை. மேலாளரின் மேஜைக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தும் நின்றுகொண்டே இருந்தான்.

ஆயுத பேரம் ஒன்றுமில்லை. அந்த அலுவலகத்தில் உருவாவது ஆன்லைன் விமான விளையாட்டு. ஆயிரக்கணக்கானவர்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே பறந்து சண்டை போடுகிற ஆட்டம். எந்த விமானத்துக்கு எத்தனை புள்ளி விலை என்று முடிவு செய்வது அவன் வேலை. புள்ளியைக் காசு கொடுத்து வாங்க முடியாது, பறந்துதான் சேர்க்க வேண்டும்.

அபூர்வ விமானம் மலிவாகக் கிடைத்தால் வானம் முழுக்க அதுவே பறக்கும், மற்றதைச் சீண்ட ஆள் இருக்காது. எட்டாத விலை வைத்தால் ஆட்டத்தையே விட்டுப் போய்விடுவார்கள். நடுவில் ஓர் எண்ணைப் பிடிக்கத் தெரிந்தவன் என்பதால் அலுவலகத்தில் அவனுக்குத் 'தராசு' என்று பெயர்.

நேற்று மதியம் அந்தத் தராசு சாய்ந்துவிட்டது. எல்லாரும் ஏங்குகிற வெள்ளிவால் விமானத்தின் விலையைப் பன்னிரண்டாயிரம் புள்ளியிலிருந்து ஒன்பதாயிரத்துக்கு இறக்கினான். ஒரே ஒருவர் வாங்கியதும் பழையபடி ஏற்றிவிட்டான். மொத்தம் பதினோரு நிமிடம். இன்று காலையில் விஷயம் மேலாளர் காதுக்குப் போய்விட்டது.

மேலாளர் கைபேசியில் ஓர் எண்ணை அழுத்திக் காதில் வைத்தார். மறுமுனையில் எடுக்கவில்லை. முதலாளியைத்தான் கூப்பிடுகிறார் என்று அவனுக்குத் தோன்றியது.

"காசு வாங்கினீங்களா?"

"ஐயோ, சத்தியமா இல்ல மேடம்."

"சொந்தக்காரரா?"

"முகம்கூடத் தெரியாது. ஆட்டத்துல ஒற்றைக்குருவின்னு பேர் வச்சிருக்கார், அவ்வளவுதான்."

மேலாளர் கையில் சுழன்றுகொண்டிருந்த பேனா நின்றது. "பின்ன எதுக்கு?"

"வெக்கமா இருந்துச்சு மேடம்."

சொன்னதும் அவன் காது மடல்கள் சூடாயின. ஆனால் ஆரம்பித்தாகிவிட்டது.

"முதல்ல மூவாயிரம் வச்சிருந்தோம். அவர் நெருங்கி வந்தப்ப நீங்க ஏத்தச் சொன்னீங்க, ஆறாயிரம் ஆக்கினேன். மறுபடி நெருங்கினார், ஒன்பதாயிரம். போன வாரம் அவருக்கு இன்னும் அம்பது புள்ளிதான் பாக்கி. பன்னெண்டாயிரம் ஆக்குங்கன்னீங்க. ஓடிவர்ற ஆளு படியில கால் வைக்கிறப்ப பஸ்ஸை எடுத்த மாதிரி, மூணு தடவை. எடுத்தது இந்தக் கைதானே?"

"திட்டி எழுதினாரா?"

"திட்டியிருந்தா தேவலையே! ஒவ்வொரு தடவையும் 'விலையை ஏத்தினதுக்கு நன்றி'ன்னு ஒரே ஒரு வரி. செருப்பால அடிச்ச மாதிரி இருக்கும். போன வாரம் அதைப் படிச்சதுலேர்ந்து எனக்குச் சோறு இறங்கல. ஒண்ணரை வருஷமா ஒருநாள்கூட விடாம, தினமும்..."

"காலைல நாலு மணியிலேர்ந்து எட்டு மணி வரைக்கும்," என்றார் மேலாளர். "அப்புறம் சாயங்காலம் ஆறு மணிக்கு உக்காந்தா தூக்கம் வர்ற வரைக்கும்."

ஒற்றைக்குருவியின் ஆட்ட விவரங்களோடு அவன் கொண்டுவந்த கோப்பு மேஜையில் பிரிக்கப்படாமல் கிடந்தது. எல்லாவற்றையும் முன்பே பார்த்து வைத்திருக்கிறார் போலிருக்கிறது, இனித் தப்ப வழியில்லை என்று நினைத்துக்கொண்டான்.

"விலையைக் குறைச்சது அவருக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் செய்தி அனுப்பினேன், 'இப்ப வாங்கிக்குங்க'ன்னு. பாஞ்சு வந்து வாங்குவார்னு பார்த்தேன். பத்து நிமிஷம் வாங்கவே இல்ல. வெள்ளிவால் விக்கிற பக்கத்துக்கு வர்றார், போறார், திரும்ப வர்றார். பதினோராவது நிமிஷம்தான் வாங்கினார்."

"வாங்கிட்டு எவ்வளவு நேரம் பறந்தார்?"

"பறக்கவே இல்ல மேடம். வாங்கின கையோட ஆட்டத்தை அணைச்சிட்டுப் போயிட்டார்."

மேலாளர் மறுபடியும் அதே எண்ணை அழுத்தினார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

அவன் சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தான். "ராஜினாமா மேடம். நீங்க சிரமப்பட வேண்டாம், முதலாளிகிட்ட நானே சொல்லிடறேன்."

"நான் கூப்பிடறது முதலாளியை இல்ல. என் வீட்டுக்காரரை. நேத்து மத்தியானம் வெளிய போனவர் இன்னும் வீடு திரும்பல." மேலாளர் காகிதத்தைத் தொடவில்லை. "ஒற்றைக்குருவி அவர்தான்."

இத்தனை காலமாக உள்ளே அரித்துக்கொண்டிருந்த கூச்சம் முழுவதும் கோபமாகத் திரும்பியது. இந்த அம்மாளுக்காகவா இத்தனை நாள் தூக்கத்தைத் தொலைத்தோம்?

"கட்டின புருஷனையா மேடம் மூணு தடவை ஏமாத்தினீங்க?" வாயை விட்டுவிட்டான்.

மேலாளர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்தார். இப்போது அவர்தான் அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த நாற்காலியில உக்காந்துகிட்டு செய்யக்கூடாத வேலைதான். அதுவும் உங்க கையால செய்ய வச்சேன்."

கைபேசியை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்:

"அந்த விமானம் கிடைக்கிற வரைக்கும் குடிக்க மாட்டேன்னு எங்கிட்ட சத்தியம் பண்ணியிருந்தார்."