கோடிட்ட இடத்தில் ஒரு பூனை

ஆலமரத்தில் முட்டைக் காவல் வேலைக்குப் பரீட்சை வைத்தார்கள். மைனா, கிளி வாத்தியாரின் கோச்சிங் வகுப்பில் சேர்ந்தது.

"கோடிட்ட இடத்தை நிரப்ப வாக்கியம் புரியணும்னு அவசியமே இல்லம்மா. நடுவுல 'ஆனால்'னு வந்துச்சா, முன்னால இருக்கறதுக்கு எதிர்ப்பதத்தைப் போட்டுட்டுப் போய்க்கிட்டே இரு" என்றது கிளி.

மைனா அப்படியே போட்டது. முதல் இடம், மாலை, வேலை எல்லாம் கிடைத்தன.

மறுநாள் மரத்தடிக்குப் பூனை வந்தது. மைனாவுக்கு இறகெல்லாம் சிலிர்த்தது. கத்தி ஊரைக் கூட்ட வாயைத் திறந்தது.

"பதறாதே கண்ணு. எங்க வீட்டுல எல்லாரும் அசைவம், ஆனால் நான்..." என்று இழுத்தது பூனை.

மைனாவின் கண்கள் மின்னின. "சைவம்!"

"அடேயப்பா, ஃபர்ஸ்ட் ரேங்க்னா சும்மாவா!"

மைனா வெட்கத்தோடு நகர்ந்து வழிவிட்டது. பூனை மரமேறி முதல் கூட்டுக்குள் தலையை விட்டது.